ஒரு பை கோரைக்கிழங்கு

“...எல்லாத்தையுமா சார்? ஒண்ணு விடாமலா?”

என் அண்ணி இந்தக் கேள்வியை ஒரே மனிதரிடம், ஒரே இடத்தில் நின்றுகொண்டு, இரண்டு தடவை கேட்டார். நடுவில் மூன்று வருடம். இரண்டு தடவையும் அந்த மனிதர் ஆமாம் என்றுதான் சொன்னார். ஒரு ஆமாமைச் சொல்வதற்கு முன்னால் மனிதன் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான். முதல் ஆமாமுக்கு அண்ணி செய்தது ஒன்று, இரண்டாவதுக்குச் செய்தது வேறொன்று. முதலாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டாவதை நினைத்தால் அந்த எரிச்சலில் யாரோ ஒரு சொம்பு மோர் ஊற்றியதுபோல் இருக்கிறது.

பெங்களூரில் பொம்மனஹள்ளியிலிருந்து உள்ளே போனால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வில்லா லேஅவுட். பெயர் வேண்டாம், அந்த மாதிரி பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். சட்டைப்பையின் மேல் அப்படித்தான் தைத்திருக்கும். வேலை என்னவோ குழாய் அடைப்பு எடுப்பதும், மோட்டார் போடுவதும், எந்த வீட்டில் லைட் எரியவில்லை என்றாலும் ஓடுவதும்தான். ஜோகுபாளையத்தில் பிறந்து பிளம்பர் வேலையில் கை பழகியவனுக்கு அது பெரிய உத்தியோகம். அங்கே தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது அண்ணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். அதனால் அவருக்கு அங்கே நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

அண்ணிக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஏரிக்கரை ஊர். அண்ணனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தவர். அண்ணன் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. எனக்கும் அண்ணிக்கும் வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம். ஆனாலும் அவர் வாயில் நான் தம்பிதான். பேச்சில் அவருக்குச் சிக்கனமே கிடையாது. எதற்கெடுத்தாலும் ஒரு சொல் வைத்திருப்பார். இந்த மாதிரிச் சொற்களைப் பொறுக்கி வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள கெட்ட பழக்கம். ஆனால் கோபத்தில் மட்டும் அவர் மகா சிக்கனம். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். அதுதான் பயம்.

அந்த லேஅவுட்டின் கிளப் ஹவுஸுக்கு முன்னால் ஒரு புல்வெளி. பாய்போல் சுருட்டிக் கொண்டுவந்து விரித்த கார்ப்பெட் புல். அந்த நிலம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்று பக்கத்துக் கன்னடக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் அண்ணிக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புல்லுக்கு நடுவில் நெட்டையாக நின்ற ஒரு தண்டைக் கிள்ளி என் கையில் கொடுத்து, “உருட்டிப் பாரு” என்றார். விரல்களுக்கு நடுவில் மூன்று விளிம்பு உறுத்தியது. “புல்லு மாதிரி இருக்கறதெல்லாம் புல்லு இல்ல தம்பி. புல்லுன்னா கணு இருக்கணும். தட்டையா கத்தி மாதிரி இருந்தா சம்பு. இப்பிடி மூணு மூலையா உறுத்திச்சுன்னா கோரை. கோரை இருக்கற எடம் தண்ணியோட பூர்வீகம். மேல நீ மாளிகையே கட்டு, அது வந்து கதவத் தட்டும்.”

கோரையிலும் பல ஜாதி. பாய் நெய்கிற கோரை ஆள் உயரம் போகும், அது ஏரிக்காரி, வீட்டுக்குள் வராது. நெல்வயலில் மஞ்சள் தலையோடு நிற்கிற கோரை ஒரு மழைக்கு வந்து ஒரு வெயிலுக்குப் போய்விடும். புல்வெளிக்குள் வருவது இந்த இரண்டும் இல்லை, கிழங்குக் கோரை. கறுப்பாக, நாவல் கொட்டை அளவில், மயிர் முளைத்த கிழங்கு. ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் ஓடும். அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. மண்ணுக்கு அடியில் மணி கோத்தமாதிரி போய்க்கொண்டே இருக்கும். மேல் கிழங்கு முளைவிட்டு நிற்கிறவரை கீழே இருப்பவை தூங்கும். மேலே தெரிகிறதைப் பிடுங்கினால் அத்தனையும் முழித்துக்கொள்ளும். “மூத்தவ இருக்கற வரைக்கும் எளையவளுங்க வாயத் தொறக்க மாட்டாளுங்க. மூத்தவளக் கிள்ளிப் பாரு, தெரியும்” என்பார் அண்ணி.

அதனால் அண்ணி பிடுங்குவதே இல்லை. உடைந்த குடையிலிருந்து எடுத்த ஒரு கம்பியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தார். தண்டுக்குப் பக்கத்தில் அதைச் செருகி, நூல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கம்பி நுனியால் தடவிக்கொண்டே போய், கடைசிக் கிழங்குவரை அறுபடாமல் தூக்கி எடுப்பார். மழை பெய்து மண் இளகிய நாட்களில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாய் அகலத்துக்குச் சுத்தம் செய்வார். அந்தப் புல்வெளியைச் சுத்தமாக்க அவருக்கு ஐந்து வருடம் ஆனது. பார்ப்பவர்களுக்கு அது வெறும் புல்வெளி. எனக்கு அது அண்ணியின் முழங்கால்.

எடுத்த கிழங்கைக் குப்பையில் போடமாட்டார். குப்பையில் போட்டாலும் முளைக்கும், உரக்குழியில் போட்டாலும் முளைக்கும், சாக்கடையில் போட்டால் சாக்கடை போகிற ஊரில் எல்லாம் முளைக்கும். கருவிகள் வைக்கிற ஷெட்டில் சேர்த்து வைத்து, சனிக்கிழமை பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார். மொட்டை மாடியில் சருகாகக் காயவைத்துப் பொடித்து, நலங்கு மாவில் சேர்ப்பார். என் பெண்கள் இரண்டு பேரும் அந்த மாவில் குளித்து வளர்ந்தவர்கள். ஒரு மண்வாசனையும் மருந்து வாசனையும் கலந்த மணம்.

இனி அந்த மனிதர். அசோசியேஷன் செக்ரட்டரி. தமிழ்க்காரர், சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்து வில்லா வாங்கியவர். அவர் செக்ரட்டரி ஆனபோது அண்ணி உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். நம் பேச்சில் தண்ணி குடிச்சியா என்று கேட்க ஓர் ஆள் வந்தாச்சு என்றார். அவர் கேட்கவில்லை. வாட்ச்மேன்களிடமும் டிரைவர்களிடமும் தெரிந்த கொஞ்சம் கன்னடத்தில் ‘நீவு’ என்று மரியாதையாகப் பேசுவார். தமிழில் எங்களை ‘நீ’ என்பார். கன்னடக்காரரான இஸ்திரி வண்டிக்காரர் இதைக் கவனித்து, “உங்க ஆளு உங்களுக்குத்தான் செருப்பக் கழட்டுவாரு, எங்களுக்கு ஷூவோட சல்யூட்டு” என்று சிரிப்பார். சாயங்காலம் வெளியே போகிற வேலைக்காரர்களின் பையை வாசல் கேட்டில் திறந்து பார்க்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்ததும் இந்தச் செக்ரட்டரிதான். அந்த ஊரில் பெரிய லேஅவுட்டுகளில் எல்லாம் அது உண்டு. பழகிவிட்டால் அவமானம்கூட ஒரு வழக்கம்தான். பையைத் திறந்து காட்டிக்கொண்டே நாளைக்கு எத்தனை மணிக்கு வருவது என்று பேசிக்கொண்டு போவார்கள்.

அந்த வருடம் செக்ரட்டரியின் மனைவி லால்பாக்கில் மலர்க்காட்சி பார்க்கப் போய், ஏதோ லில்லிக் கிழங்குகளை வாங்கிவந்து கிளப் ஹவுஸ் ஓரத்துப் பாத்தியில் தன் கையாலேயே நட்டார். சில நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை.

ஐந்து மணிக்குக் கேட்டில் கூட்டம். சமையல் வேலைக்கு வரும் அக்கா, பாத்திரம் தேய்க்கும் இரண்டு பெண்கள், இஸ்திரிக்காரர், நான். பீகார்க்கார வாட்ச்மேன் அண்ணியின் பையைத் திறந்தான். அன்றைக்குப் பார்த்துப் பை நிறையக் கிழங்கு. அந்த வாரம் நல்ல மழை, மண் இளகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துச் செக்ரட்டரி அங்கே நின்றிருந்தார்.

அண்ணி சொன்னார், இது கோரைக்கிழங்கு, களை, லானில் இருந்து எடுத்தது என்று. அவர் போனை எடுத்து, லில்லிக் கிழங்கு என்று ஏதோ ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பாக, உருண்டையாக, மண்ணோடு இருந்தது. கறுப்பும் உருண்டையும் போதும் அவருக்கு. களையை யாராவது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோல மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கும். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். கத்திச் சொல்லவில்லை. டீ வேண்டும் என்பதுபோலச் சொன்னார். “தமிழ்க்காரின்னு வெச்சா, திருடி.”

அண்ணி வாயை மூடிக்கொண்டார்.

எனக்குத் தெரியும் அது கோரைக்கிழங்கு என்று. என் குழந்தைகள் அதைத் தேய்த்துக் குளிக்கிறார்கள். நான் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். என் சட்டையில் தைத்திருந்த அந்த எழுத்து என் தொண்டையில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

போலீஸுக்குப் போகமாட்டேன், பெருந்தன்மையாக விடுகிறேன் என்றார் செக்ரட்டரி. ஆனால் எங்கே எங்கே தோண்டினாளோ அங்கங்கே திருப்பி நட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தன் கண் முன்னால். இப்போதே. லானில் எடுத்தேன் என்றுதானே சொன்னாள், லானிலேயே லில்லி பூக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் நடக்க, நாங்களும் புல்வெளிக்குப் போனோம்.

அண்ணி பையைப் பார்த்தார். புல்வெளியைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்: “எல்லாத்தையுமா சார்? ஒண்ணு விடாமலா?”

“ஒண்ணு விடாம.”

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மணி கோத்தமாதிரி இருந்த கிழங்குகளை நூல் நூலாகப் பிரித்தார். விரல் ஆழத்துக்குக் குழி, ஒரு ஜாண் இடைவெளி, முளை மேல் நோக்கி. நாற்று நடுகிற அத்தனை ஒழுங்கு. வாசல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்தார். செக்ரட்டரி கிளப் ஹவுஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். நடுவில் ஒரு தடவை எழுந்து வந்து, “அந்தக் கார்னர்ல கேப் விட்டிருக்க பாரு” என்று கைகாட்டினார். அண்ணி போய் அந்தக் கார்னரிலும் நட்டார். முடிந்ததும் தண்ணீர் விட வேண்டும் என்றார் அவர். ஹோஸ் பைப்பை இழுத்துவந்து தண்ணீர் விட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அண்ணி ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் காலிப் பையை உதறி, வாட்ச்மேனிடம் உள்ளே காட்டிவிட்டு வெளியே போனார். திங்கட்கிழமை வரவில்லை.

அடுத்த வாரமே ஒரு குழாய் உடைந்து, அந்த லில்லிப் பாத்தியின் ஓரத்தில் நான் மண்ணைத் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் ஒரு பெருச்சாளி வளை. வளைக்குள் லில்லிக் கிழங்கின் தோல்கள், கொறித்த மிச்சங்கள், ஒரு பிளாஸ்டிக் லேபிள்கூட இருந்தது. செக்ரட்டரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு நிமிடம் ஏதோ ஓடியது, மனிதர்தானே. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சரி சரி, மூடிடு” என்றார். நான் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மண்ணப் போட்டு நீதான் மூடினியா?” என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் என்னோடு பேசவில்லை. பண்டிகைக்குப் பலகாரம் வரும், என் பெண்களுக்கு நலங்கு மாவு வரும், என் மனைவியோடு மணிக்கணக்கில் போனில் பேசுவார். நான் அறைக்குள் வந்தால் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரோடு பேசுவதுபோலப் பேச்சை மாற்றிக்கொள்வார்.

புல்வெளிக்கு வருவோம். பன்னிரண்டு நாளில் முளை வந்தது. ஊசி ஊசியாக, பளபளவென்று, வரிசை பிசகாமல். செக்ரட்டரியின் மனைவிக்கு ஒரே பூரிப்பு. லில்லி வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மாதம் போனது. பூவுக்குப் பதில் பழுப்பு நிறத்தில், துடைப்பக் குச்சியைப் பிரித்த மாதிரி ஒரு கதிர் வந்தது. தோட்ட வேலைக்குப் புதிதாக வந்த மாலி அதைப் பார்த்துவிட்டு, “ஜொண்டு சார், ஜொண்டு” என்று கோரையின் கன்னடப் பெயரைச் சொல்லித் தலையில் கை வைத்தான். செக்ரட்டரி வேரோடு பிடுங்கச் சொன்னார். அவன் பிடுங்கினான். மூத்தவளைக் கிள்ளிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒன்று இருந்த இடத்தில் நான்கு.

மிஷின் வைத்து வெட்டினார்கள்; வெட்டிய மறுநாள் காலை மற்றப் புல்லைவிட விரல் உயரம் மேலே நின்றது. மருந்து அடித்தார்கள், கார்ப்பெட் புல் மஞ்சளாகிச் செத்தது, கோரை பத்து நாள் சுருண்டு கிடந்துவிட்டு எழுந்தது. கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து மூடினார்கள். ஷீட்டைக் குத்திக்கொண்டு ஊசி வெளியே வந்தது. கடைசியில் ஒரு அடி மண்ணை வாரி எடுத்துப் புது மண் கொட்டிப் புதுப் புல் விரித்தார்கள். முதல் மழைக்குப் பிறகு ஒரு காலையில் புதுப் புல்லுக்கு நடுவில் மூன்று விளிம்போடு ஒருத்தி நின்றாள். நான் தினமும் காலையில் மோட்டார் ரூமுக்கு நேர் வழியில் போகாமல் அந்தப் புல்வெளியைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒளிக்க ஒன்றுமில்லை; அதைப் பார்க்கத்தான் போவேன். எங்கே புதிதாக வந்திருக்கிறது என்று தேடுவேன். கண்டுபிடித்தால் அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும். என் வாய் சொல்லாததை ஒரு களை தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம், ஏரியைச் சுத்தம் செய்கிற கூட்டத்தோடு வேலை. ஏரிக்குள் சம்பு காடுமாதிரி பெருத்துக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை அறுத்துக் கரையில் போட வேண்டும். ஓரத்தில் இருந்த கோரையை மட்டும் அறுக்கக் கூடாது, நீர்க்கோழி கூடு கட்டுகிற இடம் என்று மேஸ்திரியிடமே சண்டை போட்டாராம். சம்பு பெருத்தால் ஏரி சாகும், கோரை செத்தாலும் ஏரி சாகும் என்பது அங்கே அவர் சொன்னதாக என் மனைவி மூலம் எனக்கு வந்த சொல். கரையில் கம்பி வேலி. வேலி வழியாகப் பார்த்தால் கிளப் ஹவுஸ் புல்வெளி தெரியும். மூன்று வருடம் மதியச் சாப்பாட்டை அவர் அந்த வேலிப் பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

முன்னால் இருந்த அம்மா எப்படி இதைச் சுத்தமாக வைத்திருந்தார் என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். அது செக்ரட்டரிக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார். நான் அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணி தண்ணீருக்குள் சம்புக்கு நடுவில் அரிவாளோடு நின்றார். கரைக்கு ஏறி வரவில்லை. செக்ரட்டரி ஷூ சேற்றில் படாமல் ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டு பேசினார். பழையதை மறந்துவிட வேண்டும், வேலைக்குத் திரும்ப வர வேண்டும், அந்தக் கம்பியைக் கொண்டு வந்து லானைப் பழையபடி ஆக்க வேண்டும் என்றார். நடந்தது ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்றார். அண்ணி இரண்டு கைப்பிடி சம்பு அறுத்துப் போட்டார். தேவையானால் ரெசிடெண்ட்ஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் போடுகிறேன் என்றார் அவர். அண்ணி நிமிர்ந்தார்.

“திருடின்னு நீங்க வாயால சொன்னீங்க சார். குரூப்புல சொல்லல. அதே வாயால, அதே கேட்டுல, அதே அஞ்சு மணிக்கு, அன்னிக்குக் கேட்டவங்க முன்னால, நான் எடுக்கலன்னு சொல்லுங்க. அப்புறம் நான் வந்து லானப் பாக்கறேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. “நீயுந்தான் தம்பி. வளைய மூடினவன் நீ. நீ மொதல்ல சொல்லு.”

திரும்பி வரும்போது செக்ரட்டரி என்னிடம், நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சமையல் அக்கா இருந்தார், பாத்திரம் தேய்க்கும் இருவரில் ஒருத்தி இருந்தாள், இன்னொருத்தியை அவள் எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், இஸ்திரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். நான் முதலில் சொன்னேன். லில்லிக் கிழங்கைத் தின்றது பெருச்சாளி. தோலை நான் கண்ணால் பார்த்தேன். சார் மூடச் சொன்னார், நான் மூடினேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். பின்னால் பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. செக்ரட்டரி, அந்த அம்மா எதையும் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்று பாதி இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். அண்ணி எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “பையத் தொறந்த பையன் இல்லியே” என்றார். அவன் வேலையை விட்டு ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார் செக்ரட்டரி. “போன் இருக்குமில்ல சார். என்னத் திருடின்னு நெனச்சுக்கினேதானே ஊருக்குப் போனான்?”

நம்பரைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. எல்லோரும் நின்றோம். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, ஹிந்தியில், பீகாரில் எங்கேயோ எருமைச் சத்தத்துக்கு நடுவில் இருந்த ஒருவனிடம் செக்ரட்டரி அதைச் சொன்னார். அவனுக்கு முதலில் எதுவும் ஞாபகம் வரவில்லை. விளக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது, பை, கிழங்கு, மாலி அம்மா, எல்லாவற்றையும். கடைசியில் அவன், “அரே சாப், அது திருட்டு இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எங்க ஊர் வயல்ல அதான் நெறைய” என்று சொன்னதை இஸ்திரிக்காரர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். செக்ரட்டரியின் காது மடல் சிவந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு நான் வெட்கப்படவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும், இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமா, மன்னித்து விட்டிருக்கலாமே என்கிறார்கள். மன்னிப்பது நல்லதுதான். ஆனால் சும்மா இருந்தவளைப் பார்த்து மன்னித்து விடு என்று சொல்கிறவர்கள், அன்றைக்குக் கேட்டில் நின்றபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நான் யோசிப்பேன். என்னைப்போலத் தரையைப் பார்த்திருப்பார்கள். அண்ணி இதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார். கோபம் அறுகம்புல், மேலாக ஓடும், இழுத்தால் வந்துவிடும். வஞ்சம் கோரை, முளை கையோடு வரும், கிழங்கு அங்கேயேதான் இருக்கும்.

இன்றைக்கு அந்தச் செக்ரட்டரி அங்கே இல்லை. வில்லாவை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். என் சட்டையில் எழுத்து அப்படியே இருக்கிறது. அத்தனை பேர் கேட்ட பிறகு என்னை அனுப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டில் பைச் சோதனை இன்றும் உண்டு. புதிதாக வந்த கமிட்டி ஒரு நிபுணரை அழைத்து வந்தது. அவர் கிளப் ஹவுஸ் முன்னால் நின்று, முழங்கால் உயரத்துக்கு அலையடிக்கிற கோரையைப் பார்த்துப் பரவசப்பட்டு, இது இந்த மண்ணின் இயற்கைத் தாவரம், இதை அழிக்கவே கூடாது என்றாராம். இப்போது அங்கே ஒரு அழகான மரப்பலகை நிற்கிறது: ‘இயற்கை ஈரநிலத் தோட்டம். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.’ நட்டது யார் என்று அதில் எழுதவில்லை. நட வைத்தது யார் என்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கே திரும்பிப் போகிறேன். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு செக்ரட்டரி அண்ணியைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். கேட்டதை எல்லாம் செய்தாகிவிட்டது, இனி இதை எடுத்துவிட வேண்டும் என்றார். அண்ணி இடுப்பிலிருந்து அந்தக் குடைக்கம்பியை எடுத்தார். வரிசை எல்லாம் கலைந்து, மூலைமுடுக்கு விடாமல், அந்தக் கார்னரில்தான் மிக அடர்த்தியாக நின்ற கோரையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார்.

“எல்லாத்தையுமா சார்? ஒண்ணு விடாமலா?”

“ஆமாம்மா. ஒண்ணு விடாம.” அவரை நேருக்கு நேர் ‘அம்மா’ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணி அந்தக் கார்னரில் குத்திட்டு உட்கார்ந்து, ஒரு தண்டுக்குப் பக்கத்தில் கம்பியைச் செருகி, தடவித் தடவிப் போய், ஐந்து கிழங்கை அறுபடாமல் தூக்கினார். மண்ணை உதறித் தன் பையில் போட்டார். கம்பியைப் புடவையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“லானப் பாக்கறேன்னேன், பாத்தாச்சு. இது எனக்கு. மிச்சம் உங்களுது சார். நீங்க நடச் சொன்னது.”

கேட்டுக்கு நடந்துபோய்ப் பையை அகலமாகத் திறந்து புது வாட்ச்மேன் முன்னால் நீட்டினார். அவன் கூச்சப்பட்டுப் போகச் சொல்லிக் கையசைத்தான். அவன் குனிந்து உள்ளே பார்க்கும்வரை நின்றுவிட்டு, அதன் பிறகே வெளியே போனார்.